செவ்வாய்க்கிழமை மாறிய வரி

கிட்டே வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. அடுப்பை அணைத்தாயிற்றா என்று ஒரு தடவை பார்த்துவிட்டே வாருங்கள், பாதியில் எழுந்து போகிற கதை இல்லை இது. போன வாரம் உங்களையெல்லாம் நடுக்கத்தோடு விட்டுவிட்டுப் போய்விட்டேன். இன்றைக்கும் பயம் இருக்கத்தான் செய்கிறது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே சொல்கிறேன், வாருங்கள்.

கீழே மருந்துக்கடை, மேலே வீடு. கடையை நடத்துகிறவள் அந்த வீட்டு மருமகள், மருந்துப் படிப்பு படித்தவள். அவள் புருஷன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவன். நடுக்கடலில் இருக்கிறான், கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம். வீட்டில் அவளோடு இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமனார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவன் கொழுந்தன். எல்லாரும் அவனைச் சின்னவன் என்பார்கள். மாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு ஊரில் பலருக்கு வெப்சைட் கட்டிக் கொடுக்கிறவன்.

அவர்கள் மூவரும் சேர்ந்து வளர்த்ததுதான் 'மருந்து எங்கே' என்கிற வெப்சைட். சட்டென்று கிடைக்காத மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். காலையில் மாமனார் நாற்பத்தொரு கடைக்குப் போன் போட்டுக் கேட்பார். இருந்தால் 'உண்டு' என்றும், தீர்ந்திருந்தால் 'இல்லை' என்றும் தட்டுவார். பக்கத்தின் அடியில், 'பொறுப்பு' என்ற இடத்தில் இருப்பது மருமகளின் பெயர்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு தாய் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மூலைக்கடையில் வலிப்பு சிரப் 'உண்டு' என்று இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனாள். கடைக்காரர், "நேத்து சாயங்காலமே தீந்துடுச்சும்மா, காலையில போன் போட்டுக் கேட்ட ஐயாகிட்டச் சொன்னேனே" என்றார். அவள் வெறுங்கையோடு திரும்பி வருவதற்குள் ஆறு வயசு மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்குழந்தை ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது.

'இல்லை' என்று இருக்கவேண்டிய வரி எப்படி 'உண்டு' ஆனது? அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூவருக்கும் சேர்த்து ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. அந்த லாகினுக்கு 'வீடு' என்று பேர். கப்பலுக்குப் போகிறவன் போன வருஷம் புறப்படும்போது வைத்துவிட்டுப் போனது. யார் உள்ளே போனாலும் வீடு போனதாகத்தான் இருக்கும்.

அதுவரைக்கும் போன வாரம் சொன்னது. இப்போது சனிக்கிழமை காலை.

மாமனார் ஒன்பது மணிக்கே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கடையைக் கூப்பிட்டுக் கேட்பார், தட்டுவார். தட்டியதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். பிறகு அதே கடையைத் திரும்பக் கூப்பிடுவார். பதினோரு மணி ஆகியும் பாதிக் கடை முடியவில்லை. பஸ் நிலையக் கடைக்காரர் நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. மூன்றாவது தடவை கூப்பிட்டதும், "ஐயா, மருந்து அலமாரிக்குள்ள குட்டி போடாது. ஒரு மணி நேரத்துல மூணு வாட்டி எண்ணச் சொல்றீங்களே" என்றார். வேறு நாளாயிருந்தால் மாமனார் பதிலுக்கு ஒன்று விட்டிருப்பார். அன்றைக்கு, "மன்னிச்சுக்கப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

மருமகள் கீழே கடையை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு மேலே வந்தாள். மாமனார் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அம்மா, கடை நம்பரெல்லாம் என்கிட்டக் கேளு. வரிசையாக் கேக்காத, மாத்தி மாத்திக் கேளு."

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"கேளும்மா."

அவள் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பத்து, இருபது, முப்பது. ஒன்று தவறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடை என்றாள். அவர் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி இரண்டு எண்ணை முன்பின்னாகச் சொல்லிவிட்டார். உடனே திருத்திக்கொண்டார். ஆனால் அந்த ஒரு நொடி, இருவர் பார்வையும் ஒன்றையொன்று தொட்டுவிட்டு விலகியது. மாமனாரின் அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டவள். அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவர் சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. மருமகள் அதைப் புதன்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சட்டை மாறும்போது காகிதமும் மாறிப் புதுச் சட்டைக்குப் போகும். அது என்னவென்று அவளுக்குத் தெரியும். போனில் கேட்கிறதை முதலில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்வது அவர் பழக்கம். எக்ஸ்சேஞ்சில் வந்த பழக்கம். சின்னவன் எத்தனையோ தடவை, "எதுக்குப்பா ரெட்டை வேலை" என்று கேலி செய்தும் விடவில்லை. அது செவ்வாய்க்கிழமைத் தாள்.

"பிரிச்சுப் பாத்தீங்களா மாமா?"

பார்க்கவில்லை என்று அவர் தலையை ஆட்டினார். "அதுல 'உண்டு'ன்னு இருந்தா, காது போச்சுன்னு அர்த்தம். 'இல்லை'ன்னு இருந்தா, கை போச்சு. எதுக்குப் பிரிக்கணும்? எப்படிப் பாத்தாலும் அந்தப் புள்ளையை அங்க படுக்க வெச்சது நான்தானே."

மருமகள் அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

சின்னவன் சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கையில் காபி ஆறிப்போயிருந்தது. நாலு நாளாக அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. புதன்கிழமை காலையில் அந்தத் தாய் போனில் அழுதபோது, "அப்பா கை தவறித் தட்டியிருப்பார்" என்று முதலில் சொன்னவன் அவன்தான். அதற்குப் பிறகு அப்பா முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மூன்று மணிக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பயந்துபோய் மருமகளே புதன்கிழமை கூப்பிட்டது. வெப்சைட்டுக்குள் போய் எழுதவும் மாற்றவும் அழிக்கவும் ஒரு மென்பொருள் வேண்டுமல்லவா, அது இப்போது இருப்பது ஓப்பன் சோர்ஸ். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்தது. சின்னவன் அதை இறக்கி, ப்ளகின் என்கிற ஒட்டுத்துண்டுகளை அங்கங்கே சேர்த்து, தைத்து, வெட்டி, இந்த வீட்டுக்கு ஏற்றபடி பண்ணி வைத்திருக்கிறான். கம்பெனி தருவது சந்தா கட்டி வைத்துக்கொள்வது. பூட்டும் அவர்களுடையது, காவலும் அவர்களுடையது.

மருமகள் சமையலறைக்கு வந்து, இன்று சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தையே மூடிவிடப் போகிறேன் என்றாள். மூடினால் தினமும் தேடிவருகிற அத்தனை பேரும் கடை கடையாக அலைவார்களே என்றான் சின்னவன். அலைந்தாலும் பரவாயில்லை, என் பெயரைப் பார்த்து நம்பி இன்னொரு தாய் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்றாள் அவள்.

"அண்ணி, இது நம்ம சொத்து மாதிரி. அங்க போனா வாடகை வீடு. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கேக்கணும்."

"சொந்த வீடுன்னு சொல்ற. கதவு பூட்டியிருக்கான்னு யார் பாக்கிறது? நீ போட்ட ப்ளகின்ல ரெண்டை எழுதினவங்களே விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நீதானே போன மாசம் சொன்ன?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப செவ்வாய்க்கிழமை யார் உள்ள வந்தாங்க? அதுக்கு ஏதோ லாக் இருக்கும், யார் எப்ப என்ன பண்ணாங்கன்னு சர்வர் எழுதி வெச்சிருக்கும்னு சொன்னியே. பாத்தியா?"

அவன் டம்ளரைக் கழுவப் போனான். தண்ணீரைத் திறந்துவிட்டபடியே, "அதுல எல்லாமே வீடுன்னுதான் இருக்கும் அண்ணி. பாத்து என்ன ஆகப்போகுது" என்றான்.

அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். டம்ளரை அவன் இரண்டு தடவை கழுவினான்.

இந்த இடத்தில் என் கண்ணுகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரு வீட்டில் பயம் வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் ஒருவரையொருவர் சாதாரணமாகப் பார்ப்பது நின்றுபோகும். போன் அடித்தால் மூன்று பேரும் திரும்புவார்கள், ஒருவரும் எடுக்க மாட்டார்கள். அன்று மதியம் அந்த வீட்டில் போன் நாலு தடவை அடித்தது. நாலும் கடைக்காரர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலை முழுக்க வாசலில் நின்றார்கள். குழந்தையின் தாய் வெளியே வந்து அவர்களைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு சேதியே இல்லை.

மூன்று மணிக்குக் கம்பெனிக்காரம்மா வந்தாள். நாற்பது வயசிருக்கும், தோளில் கனமான பை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவசரத்தில் கால் ஆடுகிற நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டார்கள். அவள் பேசுகிற நேரமெல்லாம் அது 'டொக் டொக்' என்று தாளம் போட்டது.

நன்றாகத்தான் பேசினாள், குறை சொல்வதற்கில்லை. ஆளுக்கு ஒரு லாகின் தருவார்களாம். ஓட்டை கண்டுபிடித்தால் அடைப்பது அவர்கள் வேலையாம். எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுக்க ஆள் உண்டாம். மருமகளுக்கு ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்கத் தோளிலிருந்து ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டால் போதும், கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு நாளாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைத்தாள். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள்.

"யார் எந்த வரியை மாத்தினாங்கன்னு நான் பாக்க முடியுமா?"

"முடியும் மேடம். அது இதுக்கு மேல இருக்கிற திட்டத்துல வரும். இந்தத் திட்டத்துலன்னா எங்களுக்கு எழுதிக் கேட்டீங்கன்னா ரெண்டு மூணு நாள்ல எடுத்துத் தருவாங்க."

மருமகள் பேனாவின் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாள். கம்பெனிக்காரம்மா அதைக் கவனித்தாளோ என்னவோ, சட்டென்று அடுத்ததற்குத் தாவினாள்.

"இன்னொண்ணு மேடம், பேக்கப். தினமும் ராத்திரி மொத்தத்தையும் ஒரு பிரதி எடுத்து வெச்சிடுவோம். நடுவுல ஏதாவது கோளாறாச்சுன்னா கவலையே இல்லை. ஒரே பட்டன். நேத்து எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அப்படியே திரும்பிடும்."

மாமனார் அதுவரை மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது மெதுவாகக் கேட்டார்.

"நேத்து மாதிரியே ஆயிடும்னா, இன்னைக்குக் காலையில நான் போட்டது என்னம்மா ஆகும்?"

"அது போயிடும் ஐயா. திரும்பப் போட்டுக்கணும்."

"இன்னைக்கு 'இல்லை'ன்னு நான் போட்டிருப்பேன். நேத்து 'உண்டு'ன்னு இருந்திருக்கும்."

"'உண்டு'ன்னு ஆயிடும் ஐயா. ஆமாம்."

நாற்காலியின் தாளம் நின்றுவிட்டது. மருமகள் கம்பெனிக்காரம்மாவைப் பார்க்கவில்லை, மாமனாரையும் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் நின்ற சின்னவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"தம்பி," என்றாள் மருமகள். "செவ்வாய்க்கிழமை என்ன பண்ணின?"

அவன் சொன்னான். முதலில் சுவரைப் பார்த்துச் சொன்னான், பிறகு தரையைப் பார்த்து. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு ப்ளகினுக்கு அப்டேட் போட்டானாம். போட்டதும் பக்கம் மொத்தமும் வெள்ளையாகப் போய்விட்டதாம். யாராவது பார்ப்பதற்குள் சரிசெய்ய வேண்டுமென்று திங்கள் ராத்திரி எடுத்துவைத்த பிரதியைத் திருப்பிப் போட்டானாம். பத்து நிமிஷ வேலை. பக்கம் வந்துவிட்டது, பழையபடி பளிச்சென்று. தன்னைத் தானே மெச்சிக்கொண்டு வெளியே போய்விட்டான். காலையில் அப்பா தட்டியதெல்லாம் அதோடு போய்விட்டது என்பது அப்போது அவன் நினைப்பிலேயே இல்லை. திங்களுக்கும் செவ்வாய்க்கும் மாறியிருந்தது இரண்டோ மூன்றோ வரிதான். அதில் ஒன்று அந்த சிரப்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"புதன்கிழமை. அந்தம்மா போன்ல அழுதப்ப."

"அப்பவே அப்பான்னு சொன்ன."

"வாயில வந்துடுச்சு அண்ணி. அப்புறம் எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னு தெரியலை. சொன்னா நீங்க இந்த சிஸ்டத்தையே தூக்கி எறிஞ்சுடுவீங்கன்னு பயம். இந்த வீட்டுல நான்னு சொல்லிக்க இருக்கிறது அது ஒண்ணுதான்."

மாமனார் சட்டைப்பையில் கைவிட்டார். காகிதத்தை எடுத்து ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று பிரித்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விரலை வரிசையாக இறக்கினார். பாலத்து மூலைக்கடை. பென்சிலில், அழுத்தி எழுதிய 'இல்லை'. பக்கத்தில் தட்டியாயிற்று என்பதற்கான சின்னக் கோடு.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் தாளைத் திரும்ப மடித்தார்.

"நாலு நாள்டா," என்றார். "ஒரே கடையை மூணு மூணு தடவை கூப்பிட்டேன். நீ அந்த வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்த."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் சின்னவன் தாங்கியிருப்பான். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். மாமனார் அவன் பக்கம் போகவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை. இரண்டடி வைத்துப் பாதியில் நின்றார்.

கம்பெனிக்காரம்மா பையை மூடப் போனாள். மருமகள் அவளை இருக்கச் சொன்னாள். பக்கத்தை எவ்வளவு பழையதாகத் திருப்பினாலும், அந்த நிமிஷமே எல்லா வரியும் 'தெரியாது' என்று ஆகிவிட வேண்டும், மறுபடி போன் போட்டுக் கேட்டபிறகுதான் 'உண்டு' வரவேண்டும், அப்படி உங்களிடம் செய்து தருவீர்களா என்று கேட்டாள். அதோடு, ஆறு மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடாத வரியும் தானாக 'தெரியாது' ஆகவேண்டும்.

கம்பெனிக்காரம்மா கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும் போலிருக்கிறது. விற்கிறவள் முகம் மாறி, மனுஷி முகம் வந்தது.

"கேட்டு அனுப்புவேன் மேடம். அடுத்த வருஷம் வரலாம், வராமலும் போகலாம். நான் பொய் சொல்லி உங்ககிட்டக் கையெழுத்து வாங்க மாட்டேன்."

மருமகள் சின்னவன் பக்கம் திரும்பினாள். "நம்மளுதுல?"

அவன் தலை நிமிராமலே பதில் சொன்னான். "இன்னைக்குச் சாயங்காலமே பண்ணிடலாம் அண்ணி. உள்ள இருக்கிறது முழுக்க நம்ம கையில இருக்கு."

அந்த நேரத்தில் மருமகள் மனசு எப்படித் தவித்தது என்று எப்படிச் சொல்வேன். ஒரு பக்கம் காவலுக்கு ஆள் உண்டு, ஆனால் வேண்டிய இடத்தில் வேண்டிய தாழ்ப்பாள் இல்லை. இன்னொரு பக்கம் எந்தத் தாழ்ப்பாளும் போட்டுக்கொள்ளலாம், காவலுக்கு இருக்கிறவனோ நாலு நாள் வாய் திறக்காதவன். அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"இதையே வெச்சுக்கலாம்," என்றாள். "ஆனா, தம்பி, கேட்டுக்கோ. ஆளுக்கு ஒரு லாகின், இன்னைக்கே. பழைய பிரதியைத் திருப்புறதுன்னா மாமா ஒத்துக்கணும், நான் ஒத்துக்கணும், அப்புறம்தான் நீ தொடணும். இந்த வீட்டைச் சேராத ஒருத்தர், விவரம் தெரிஞ்சவர், மாசம் ஒரு தடவை வந்து பூட்டையெல்லாம் இழுத்துப் பாக்கணும். எனக்கு உன் மேல நம்பிக்கை வர நாளாகும். அதுவரைக்கும் பயந்துக்கிட்டேதான் இருப்பேன்."

அவன் சரி என்றான். கம்பெனிக்காரம்மா எழுந்து, பழைய ப்ளகின் இரண்டையும் முதலில் கழற்றச் சொல்லிவிட்டு, படியிறங்கினாள்.

அடுத்த வேலையை மருமகள் வேறு யாருக்கும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தத் தாயின் நம்பருக்கு அவளே போன் போட்டாள். மூன்றாவது மணியில் குழந்தையின் தாய் எடுத்தாள். என்ன சேதி வரப்போகிறதோ என்று மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலையில இருந்து வலிப்பு வரலை," என்றது அந்தக் குரல். "தண்ணி கேட்டா. என்னை அம்மான்னு கூப்பிட்டா." களைத்துப்போன குரல், மகிழ்ச்சிக்குக்கூடத் தெம்பில்லை.

மருமகள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. தப்பு எங்கள் வீட்டில் நடந்தது, இப்படித்தான் நடந்தது, நாலு நாள் கழித்து இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் இருக்கிறது என் பெயர் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அந்தத் தாய் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கு வாங்க. மூணு பேரும் வாங்க. அப்பப் பேசிக்கலாம்."

போன் வைக்கப்பட்டது. அந்தக் குரலில் இருந்தது மன்னிப்பா கோபமா என்று மருமகளுக்குப் புரியவில்லை. ஆனால் குழந்தை தண்ணீர் கேட்டிருக்கிறாள். அதைச் சொன்னதும் மாமனார் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வலிக்கிற மாதிரியும் இல்லை, தடவுகிற மாதிரியும் இல்லை.

"எழுந்திரு. அந்த லாக்கைத் திற. இவ்வளவு நாள் பாக்காம விட்டதைப் பாப்போம்."

மூவரும் மாடி அறையில் திரைக்கு முன்னால் நின்றார்கள். வெளியே வெயில் சாய்ந்து, எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்டு அறைக்குள் அடித்தது. சின்னவன் வரிவரியாக இறக்கிக்கொண்டே போனான். செவ்வாய், காலை பத்து மணி: வீடு உள்ளே வந்தது, அது அப்பா. மதியம் இரண்டு பதினாலு: பழைய பிரதி திருப்பப்பட்டது. அந்த வரியை அவன் விரலால் தொட்டுக் காட்டினான். மூவரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டால் அவ்வளவுதான், நாலு நாள் பூதம் இத்தனை சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது.

அவன் மூடப் போனான். மாமனார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். முப்பது வருஷம் எண்களைப் பார்த்த கண் அது.

"கீழ போ. வியாழக்கிழமை. பதினொண்ணு இருபது. அது யாரு?"

வீடு உள்ளே வந்தது என்று இருந்தது. ஆறு நிமிஷம் இருந்திருக்கிறது. ஒன்றையும் மாற்றவில்லை. எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"வியாழக்கிழமை அந்த நேரத்துல நாம மூணு பேரும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னோம்," என்றாள் மருமகள்.

"அண்ணனா இருக்குமோ?" என்றான் சின்னவன். அவனுக்கே தெரியும். நடுக்கடலில் இருக்கிறவனுக்கு இந்த வாரம் முழுக்க நெட் கிடையாது. அவன் இன்னும் கீழே இறக்கினான். வெள்ளிக்கிழமை, அதே பதினொன்று இருபது. வீடு உள்ளே வந்தது. மாமனார் கீழ்அறையில் போனில் இருந்த நேரம், அவர் காலையில் உள்ளே வந்தது மேலே தனி வரியாக இருந்தது; மற்ற இருவரும் கடையில். ஆறு நிமிஷம்.

பிறகு இன்றைக்கு. இன்றைக்கும் வந்திருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஆறு நிமிஷம் இல்லை. வந்தது பதினொன்று இருபதுக்கு. போனது என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அப்படின்னா?" என்றார் மாமனார்.

சின்னவன் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தான். "இன்னும் உள்ளதான் இருக்காங்கப்பா."

மருமகள் அவன் தோள்மேல் கையை வைத்தாள். நம்பிக்கை வர நாளாகும் என்று சொன்ன அதே கை. "பூட்டை மாத்து தம்பி," என்றாள். "நாங்க பக்கத்துலயே நிக்கிறோம்."

அவன் புதுப் பாஸ்வேர்டைத் தட்ட ஆரம்பித்தான்.

சரி கண்ணுகளா, மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன். கையை விடுகிறேன், நீங்களும் மூச்சு விடுங்கள். உங்கள் வீட்டில் போன் அடித்தால் அது பிள்ளை தண்ணீர் கேட்டாள் என்கிற மாதிரிச் சேதியாகவே இருக்கட்டும். தேடிப் போகிற மருந்து தேடிய கடையிலேயே கிடைக்கட்டும். தப்பு செய்தவர் அன்றைக்கே சொல்லவும், கேட்டவர் தாங்கிக்கொள்ளவும் உங்கள் வீட்டுச் சுவர்களுக்குப் பலம் இருக்கட்டும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருக்கட்டும். நல்லா இருங்க, நிறைஞ்சு இருங்க.